ஆக்சிஜன், ஓசோன் ஏற்றினால் புற்றுநோய் போகும் என்று சொல்லப்பட்டால்: சீர்தூக்கிப் பார்க்கும் முறை

பயாப்சி முடிவு கைக்கு வரும் நாளுக்கும் முதல் கீமோவோ அறுவைச் சிகிச்சையோ நடக்கும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் சில வாரங்கள் கழியும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டுக் கடிதம் என்று வீடே அலைந்துகொண்டிருக்கும் அந்த இடைவெளியில்தான், "புற்றுநோய் செல் ஆக்சிஜனில் உயிர்வாழாது, ஓசோன் ஏற்றினால் போதும், கீமோ தேவையில்லை" என்ற செய்தி ஓர் உறவினரின் கைப்பேசி வழியாகவோ, பக்கத்துத் தெருவில் கொடுக்கப்பட்ட துண்டுப்பிரசுரம் வழியாகவோ வந்து சேர்கிறது. அனுப்புகிறவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். பயந்து போயிருக்கும் குடும்பத்துக்கு அது ஆறுதலாகவும் ஒலிக்கிறது. அந்தச் செய்தியை நிதானமாகப் பிரித்துப் பார்க்கவும், கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும், ஏற்கெனவே அந்தச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அறியவும் உதவும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புற்றுநோய் மருத்துவர் கொடுத்திருக்கும் தேதியை ரத்து செய்யாதீர்கள். ஓசோனைப் பற்றி விசாரிப்பதற்கும் படிப்பதற்கும் வீட்டில் விவாதிப்பதற்கும் அந்தத் தேதி வரை நேரம் இருக்கிறது. விசாரணை முடியவில்லை என்பதற்காகத் தேதியைத் தள்ளிப்போடுவது, முடிவெடுக்காமலேயே ஒரு முடிவை எடுத்துவிடுவதாகும். கட்டி அந்த விவாதம் முடியும் வரை காத்திருக்காது.

எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஆக்சிஜன் தெரபி" என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரியங்கள் நடக்கின்றன. மருத்துவமனையில் மூச்சுத்திணறும் நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியாகவோ முகமூடி வழியாகவோ தரப்படும் ஆக்சிஜன் ஒன்று. நோயாளியை மூடிய அறைக்குள் படுக்கவைத்து, காற்றழுத்தத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை இன்னொன்று. இவை இரண்டும் முறையான மருத்துவத்தில் இடம்பெற்றவை. ஆனால் அங்கே இவற்றின் நோக்கம் புற்றுநோயைக் கரைப்பதல்ல.

மாற்றுச் சிகிச்சை மையங்கள் விற்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. அதில் ஓசோனே, அதாவது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயுவே, முதன்மையானது. நோயாளியின் உடலிலிருந்து 100 அல்லது 200 மி.லி. ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து, ஓசோன் கலந்த ஆக்சிஜனை அதனுடன் சேர்த்துக் குலுக்கி, மீண்டும் நரம்பு வழியே ஏற்றுவார்கள். ஆசனவாய் வழியாக வாயுவைச் செலுத்துவதும் உண்டு. தோலில் தடவ ஓசோன் ஏற்றிய எண்ணெய், குடிக்க ஓசோன் ஏற்றிய நீர் ஆகியவையும் தரப்படும். இவற்றோடு ஹைட்ரஜன் பெராக்சைடைக் குடிக்கச் சொல்வதும், ட்ரிப்ஸில் கலந்து ஏற்றுவதும், "ஆக்சிஜன் சொட்டு மருந்து" என்ற பெயரில் புட்டியில் விற்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தச் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது சோடியம் குளோரைட். துணி, காகித ஆலைகளில் வெளுப்பதற்குப் பயன்படும் ரசாயனம் அது.

எனவே யாராவது "ஆக்சிஜன் சிகிச்சை" என்று சொன்னவுடன், எந்தப் பொருளை, எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை முறை என்ற நான்கையும் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் கிடைக்கவில்லையென்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய தேவையே இல்லை.

வார்பர்க் சொன்னது என்ன, சொல்லாதது என்ன

ஏறக்குறைய எல்லாத் துண்டுப்பிரசுரங்களிலும் ஒரு பெயர் இருக்கும்: ஓட்டோ வார்பர்க். "ஆக்சிஜன் குறைபாடே புற்றுநோய்க்குக் காரணம் என்று கண்டுபிடித்து 1931இல் நோபல் பரிசு பெற்றார்" என்று எழுதியிருப்பார்கள். வார்பர்க் 1931இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றது உண்மை. ஆனால் அது செல்கள் சுவாசிக்க உதவும் நொதியின் இயல்பையும் அது செயல்படும் விதத்தையும் கண்டறிந்ததற்காகக் கொடுக்கப்பட்டது. புற்றுநோயின் காரணத்தைக் கண்டறிந்ததற்காகக் கொடுக்கப்பட்டதன்று. பாதி உண்மையை இப்படி முழு உண்மைபோல எழுதுவதால்தான் இந்த வாதம் படித்தவர்களையும் தடுமாற வைக்கிறது.

அவர் 1920களில் பெர்லினில் கண்டறிந்த இன்னொரு விஷயம் புற்றுநோயோடு நேரடியாகத் தொடர்புடையது. சாதாரணச் செல் ஆக்சிஜன் கிடைக்கும்போது குளுக்கோஸை முழுவதுமாக எரித்து ஆற்றல் பெறும். ஆக்சிஜன் கிடைக்காதபோது மட்டும் அதைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக மாற்றும். புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் புளிக்கவைப்பதையே பெரிதும் செய்கிறது. இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆக்சிஜன் இருந்தும் அந்தச் செல் புளிக்கவைக்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. அப்படியிருக்க, மேலும் ஆக்சிஜன் கொடுத்தால் அது செத்துவிடும் என்ற முடிவுக்கு அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து போக வழியே இல்லை. ஓசோன் மையங்கள் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டும் ஆய்வே அவர்களுடைய வாதத்துக்கு எதிராக நிற்கிறது.

செல்லின் சுவாசம் பழுதாவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று வார்பர்க் தம் கடைசிக்காலம் வரை நம்பினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1956இல் எழுதிய கட்டுரையிலும் அதையே வலியுறுத்தினார். அவர் 1970இல் இறந்தார். அதன்பிறகு, செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஏற்படும் பிழைகளே புற்றுநோயின் தொடக்கம் என்பது படிப்படியாகத் தெளிவானது. அந்த வழியில் முக்கியமான கண்டுபிடிப்பைச் செய்த பிஷப், வார்மஸ் இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. வார்பர்க் கண்டது வீணாகவும் போகவில்லை. புற்றுநோய் செல் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்ளும் என்ற அதே குணத்தை வைத்துத்தான் இன்று பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். உங்கள் நோயாளியின் கோப்பிலேயே ஒரு பெட் ஸ்கேன் படம் இருக்கலாம். வார்பர்க்கின் கண்டுபிடிப்புக்கு மருத்துவத்தில் கிடைத்த நியாயமான இடம் அதுதான்.

இன்னொரு எளிய சோதனையையும் செய்து பார்க்கலாம். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் புற்றுநோய் வளராது என்றால், உடலிலேயே ஆக்சிஜன் முதலில் நுழையும் நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடாது. ரத்தத்திலேயே மிதந்து திரியும் ரத்தப் புற்றுநோய் செல்கள் உயிரோடிருக்கவே முடியாது. இரண்டும் நடக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"உங்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு" என்று மையத்தில் சொன்னால், கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நோயாளியின் விரலில் மாட்டிப் பாருங்கள். நுரையீரல் பாதிக்கப்படாத பெரும்பாலான புற்றுநோயாளிகளுக்கு அது 95க்கு மேல்தான் காட்டும். அதாவது ஹீமோகுளோபின் சுமக்கக்கூடிய ஆக்சிஜனில் 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றுவதுபோன்ற வேலைக்குத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கிறது. 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், அது சுமப்பது ஏறத்தாழ 20 மி.லி. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிஜனைச் செலவிடுகிறது. இப்போது ஓசோன் குப்பிக்கு வருவோம். 200 மி.லி. வாயுவில், மி.லி.க்கு 40 மைக்ரோகிராம் என்ற அளவில் ஓசோன் இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்த ஓசோன் 8 மில்லிகிராம். அது முழுவதும் ஆக்சிஜனாக மாறினாலும் கிடைப்பது 6 மி.லி. அளவுக்குத்தான். உடல் ஒன்றரை விநாடியில் செலவழிக்கும் அளவு அது. வாயுவில் உள்ள மீதி ஆக்சிஜன், குப்பியில் இருக்கும் சிரை ரத்தத்தை (உடலுக்கு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தத்தை) நிரப்பும் என்றாலும், அதனால் சேர்வது இன்னொரு 10 மி.லி. மட்டுமே. அந்த ரத்தம் உடலுக்குள்ளேயே இருந்திருந்தால் நுரையீரல் அதே வேலையைக் காசில்லாமல் செய்திருக்கும்.

ஆக்சிஜன் ஏற்றிய குடிநீருக்கும் இதே கணக்கைப் போடலாம். 25 டிகிரி வெப்பத்தில் சாதாரண நீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். அழுத்தம் கொடுத்து அதைப் பத்து மடங்காக்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் இருப்பது ஏறத்தாழ 60 மி.லி. வாயு. குடல் வழியாக அது முழுவதும் உறிஞ்சப்பட்டாலும், மூன்று நான்கு மூச்சில் உடல் எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டாது. மனிதக் குடல் மீனின் செவுள் அல்ல என்பதால் அவ்வளவு உறிஞ்சப்படப் போவதும் இல்லை.

இந்த இடத்தில் மையத்தினர் வாதத்தை மாற்றுவார்கள். "நாங்கள் ஆக்சிஜனைக் கூட்டுவதாகச் சொல்லவில்லை, ஓசோன் புற்றுநோய் செல்லை ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கும்" என்பார்கள். அதாவது, இரும்பைத் துரு அரிப்பதுபோல ஓசோன் அந்தச் செல்லோடு வினைபுரிந்து அதைச் சிதைக்கும் என்கிறார்கள். ஓசோன் மிகத் தீவிரமான பொருள் என்பது உண்மை. பிரான்சின் நீஸ் நகரில் 1906லிருந்தே குடிநீரில் கிருமி நீக்க அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீவிரமே இங்கே தடையாகிறது. ரத்தத்தைத் தொட்டவுடன் அது அங்குள்ள கொழுப்புப் பொருள்களோடும் மற்றவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. ஓசோனாகவே பயணம் செய்து கல்லீரலில் இருக்கும் கட்டியைத் தேடிப்போய் அடைவதில்லை. 1980இல் அமெரிக்காவில் ஆய்வகத் தட்டுகளில் வளர்த்த மனிதப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியை ஓசோன் தடுத்ததாக ஓர் ஆய்வு வெளியானது. அதை இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் இருக்கும் செல்லைத் தடுக்கப் பல பொருள்களால் முடியும், வீட்டில் தரை துடைக்கும் திரவத்தாலும் முடியும். நோயாளியின் உடலில், மற்ற உறுப்புகளைக் கெடுக்காமல், கட்டியை மட்டும் சுருக்கி ஆயுளை நீட்டியதா என்பதே கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டு அப்படி நிறுவிய ஆய்வு எதுவும் அவர்கள் கையில் இல்லை.

அதே மையத்தில் ஒரு மேசையில் ஆக்சிஜனேற்றம் செய்யும் ஓசோனும், அடுத்த மேசையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளும் ஒரே நோயாளிக்கு விற்கப்படுவதையும் காணலாம். இரண்டும் ஒன்றையொன்று அழிக்காதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

புற்றுநோய் மருத்துவத்தில் ஆக்சிஜனுக்கு உண்மையில் உள்ள இடம்

மாற்றுச் சிகிச்சையாளர்கள் தொடும் ஒரு விஷயம் மெய்யானது. பல கட்டிகளின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். நுண்ணிய ரத்தக்குழாயிலிருந்து ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் சென்று சேர்வதில்லை. கட்டி வேகமாக வளரும்போது ரத்தக்குழாய்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே குறை ரத்தத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது. பெருங்குழாயில் எவ்வளவு நீர் ஓடினாலும், கிளைக்குழாய் பதிக்காத தெருவுக்கு அது வராதல்லவா, அதுபோலத்தான். இந்தப் பற்றாக்குறையைச் செல்கள் எப்படி உணர்ந்து, புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கின்றன என்பதை விளக்கிய மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது மருத்துவர்களுக்கு ஏன் முக்கியம் என்றால், நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஆக்சிஜன் துணைபுரிகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கூடுதல் கதிர்வீச்சு தேவைப்படும். அதனால்தான் 1950களில் லண்டனில் நோயாளிகளை உயர் அழுத்த அறைக்குள் வைத்தபடியே கதிர்வீச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஓரளவு பலன் தெரிந்தது, பக்கவிளைவுகளும் கூடின, நடைமுறைச் சிக்கல்களும் பெரிதாக இருந்தன. ஆகவே அது வழக்கத்துக்கு வரவில்லை. டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மருந்தை இதே நோக்கத்துக்காகக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்த முயற்சிகள் அனைத்திலும் கட்டியைக் கொல்வது கதிர்வீச்சு. ஆக்சிஜன் அதற்குத் துணை. தனியாக ஆக்சிஜனைக் கொடுத்துக் கட்டி போயிற்று என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை.

கதிர்வீச்சு முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, தாடை எலும்பு அரித்துப்போவதும், சிறுநீர்ப்பையிலிருந்து ரத்தம் கசிவதும் சிலருக்கு நேரும். இவற்றுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை முறைப்படி பரிந்துரைக்கப்படுவதுண்டு. வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில், கதிர்வீச்சு பெற்றவர் பல் பிடுங்கப் போகும்போது இந்தப் பேச்சு எழலாம். தடுப்பு நடவடிக்கையாக அதைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. சொல்லத்தக்க பயன் எதுவும் அதில் தெரியவில்லை. முறையான சிகிச்சையும் இப்படிச் சோதிக்கப்பட்டு, பலனில்லாத இடத்தில் விலக்கப்படுகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். அதேபோல, கதிர்வீச்சால் மலக்குடலில் வரும் புண்ணுக்கு ஓசோன் உதவுமா என்று ஸ்பெயினில் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை பக்கவிளைவைத் தணிக்கும் முயற்சிகள். அவற்றைக் காட்டி "ஓசோன் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்டது" என்று யாராவது சொன்னால், எந்த நோய்க்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்ற வாதத்துக்குப் பல வீடுகள் பணிந்துவிடுகின்றன. ஓசோனைப் பொறுத்தவரை அது சரியன்று. அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதிகளிலேயே, ஓசோன் நச்சு வாயு என்றும், சிகிச்சையிலோ துணைச் சிகிச்சையிலோ தடுப்பிலோ அதற்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் இல்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. மூச்சில் கலந்தால் அது நுரையீரலை அரிக்கும். ஜெராக்ஸ் இயந்திரத்தின் அருகிலும் இடி மின்னலுக்குப் பிறகும் வரும் கூர்மையான வாசனை அதனுடையதுதான். சிகிச்சை அறைக்குள் அந்த வாசனை வந்தால் வாயு கசிகிறது என்று பொருள். நோயாளியை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வாயுவை நேரடியாக நரம்பில் செலுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. குமிழ்கள் ரத்தக்குழாயை அடைத்து, மூளைக்கோ இதயத்துக்கோ ரத்தம் போகாமல் செய்யும். இதனால் பக்கவாதமும் மரணமும் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஓசோன் சிகிச்சையை ஆதரிக்கும் ஐரோப்பிய மருத்துவர்களே இந்த முறையைக் கைவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓசோன் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில், ரத்தத்தை வெளியே எடுத்து மீண்டும் ஏற்றுவதும் ஆசனவாய் வழியே குழாய் நுழைப்பதும் கிருமித்தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும்.

ஹைட்ரஜன் பெராக்சைடைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலே ஒரு மி.லி.யிலிருந்து 10 மி.லி. வாயுவை வெளியிடும். "உணவுத் தரம்" என்று பெயரிட்டு விற்கப்படும் 35 சதவீதக் கரைசல் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வெளியிடும். குடித்தால் உணவுக்குழாய் வெந்துபோகும். வாயு ரத்தத்தில் கலக்கும். 2006இலேயே அமெரிக்க அரசு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

உயர் அழுத்த அறையும் விளையாட்டுப் பொருளன்று. காதுச் சவ்வு பாதிக்கப்படலாம், வலிப்பு வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு உள்ளவர்களை உள்ளே விடவே கூடாது. பிளியோமைசின் என்ற கீமோ மருந்து பெற்றவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தனியார் மையம் ஒன்றின் அறையில் தீப்பற்றி ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தாமதம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலின் வேறு இடங்களுக்குப் பரவாத புற்றுநோய்க்கு மாற்றுச் சிகிச்சையை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மாற்றுச் சிகிச்சையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்தரை மடங்குக்கும் மேல்; பெருங்குடல் புற்றுநோயில் நான்கரை மடங்கு. குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

"எனக்குத் தெரிந்தவர் பிழைத்தாரே" என்பதற்கு

அதே ஆய்வில் இன்னொரு விவரமும் இருக்கிறது. ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காரணம் எளிது. அது பலருக்கு மிக மெதுவாக வளரும். சிகிச்சையே எடுக்காவிட்டாலும் சில ஆண்டுகள் பெரிய மாற்றமின்றிப் போகலாம். அந்த ஆண்டுகளில் ஓசோன் ஏற்றிக்கொண்டவர், ஓசோனால்தான் பிழைத்தேன் என்று மனமார நம்புவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அனுபவம் உங்கள் தாயாரின் மார்பகக் கட்டிக்கு வழிகாட்டாது, அவ்வளவுதான்.

எனவே குணமான கதை ஒன்றைக் கேட்கும்போது மரியாதை குறையாமல் சில விவரங்களைக் கேட்டுப் பாருங்கள். பயாப்சி செய்து புற்றுநோய் என்று உறுதியானதா? எந்த உறுப்பு, எந்த நிலை? ஓசோனுக்கு முன்னால் அறுவைச் சிகிச்சை நடந்ததா? பல நேரங்களில் கட்டி முழுவதும் அறுவையில் அகற்றப்பட்டிருக்கும், அதன்பின் கீமோவை மட்டும் தவிர்த்து ஓசோனுக்குப் போயிருப்பார். புகழ் கடைசியில் வந்தவருக்குப் போய்விடும். மையத்துக்கு வந்து பலனில்லாமல் இறந்தவர்கள் காணொளியில் பேச வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மையத்துக்கு நேரில் போவதானால்

போவதற்கு முன் யார் பேசுவது, யார் குறிப்பெடுப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பணத்தையும் கடன் அட்டையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. சிகிச்சை தருபவரின் பட்டம் என்ன, எந்த மருத்துவ மன்றத்தில் பதிவு, புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். "இது ஆராய்ச்சி" என்று சொன்னால், இந்தியாவில் மருந்துச் சோதனைகள் மத்தியப் பதிவேட்டில் பதிவாகியிருப்பது 2009லிருந்து கட்டாயம் என்பதைச் சொல்லி, பதிவு எண்ணைக் கேளுங்கள். சோதனைக்கான மருந்துக்கு நோயாளியிடமே லட்சக்கணக்கில் பணம் வாங்குவது ஆராய்ச்சியின் வழக்கமன்று. கட்டி சுருங்குகிறதா என்பதை எந்த ஸ்கேனால், எத்தனை வாரத்தில் பார்ப்பீர்கள், சுருங்காவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். "உடம்பு லேசாகும், முகம் தெளியும், நச்சு வெளியேறும்" என்பவை அந்தக் கேள்விக்குப் பதிலாகமாட்டா. நோய் பெருகினால் அதுவே "நச்சு வெளியேறும் அறிகுறி" என்று விளக்கம் தரும் இடத்தில், தோல்வி என்ற ஒன்றே அவர்கள் கணக்கில் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. அதன் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. கையில் இருக்கும் துண்டுப்பிரசுரத்தைத் தூக்கியெறியாமல் வைத்திருங்கள்.

நோயாளியிடமும் மருத்துவரிடமும் பேசுவது

பெரியவர் ஒருவர் ஓசோனை நம்பத் தொடங்கிவிட்டால், "முட்டாள்தனம்" என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடும்; அதன்பின் அவர் மறைத்துச் செய்வார். கீமோவைப் பற்றி அவருக்கு என்ன பயம் என்று கேட்பதிலிருந்து தொடங்குவது நல்லது. முடி கொட்டுவதா, வாந்தியா, செலவா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமா என்ற எண்ணமா? வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. செலவுதான் தடையென்றால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும், அரசு மருத்துவமனைகளைப் பற்றியும், 1954லிருந்து இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைப் பற்றியும் விசாரித்துவிட்டுப் பேசலாம். இலங்கையில் மகரகம, தெல்லிப்பளை அரசு மருத்துவமனைகள் உள்ளன. சிகிச்சையில் நம்பிக்கை இல்லையென்றால் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஏற்கெனவே ஓசோனோ பெராக்சைடோ எடுத்திருந்தால், திட்டு விழும் என்று பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். என்ன, எப்போது, எவ்வளவு என்று நீங்கள் எழுதி வைத்த தாளை அப்படியே காட்டுங்கள்.

நோய் முற்றிய நிலையில், மூச்சு வாங்குகிறது என்பதற்காகவும் குடும்பங்கள் ஆக்சிஜனைத் தேடுகின்றன. இங்கே ஓர் ஆய்வு மிகவும் பயனுள்ளது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மூச்சு வாங்கிய 239 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஆக்சிஜனையும், மறுபாதிக்குச் சாதாரணக் காற்றையும் மூக்குக் குழாய் வழியே கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே அளவு ஆறுதல்தான் கிடைத்தது. ஆக்சிமீட்டர் அளவு சரியாக இருந்தால், வாடகைக்குச் சிலிண்டர் தேடி அலைவதற்கு முன், ஜன்னலைத் திறந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் படும்படி விசிறிவிடுங்கள். குறைந்த அளவு மார்ஃபின் தருவதைப் பற்றி வலி நிவாரண மருத்துவரிடம் கேளுங்கள். அளவு உண்மையிலேயே குறைந்து, மருத்துவர் சொல்லி வீட்டில் ஆக்சிஜன் வைத்தால், அந்த அறையில் காமாட்சி விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

ஓசோனோ பெராக்சைடோ எடுத்துக்கொண்டிருக்கும்போதோ எடுத்த சில மணி நேரத்திலோ திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பார்வை மங்கல், வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுதல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் மையத்தில் "சரியாகிவிடும்" என்று சொல்வதற்குக் காத்திராமல் இந்தியாவில் 108ஐ அழையுங்கள். நோயாளியை மல்லாந்தவாக்கில் சமமாகப் படுக்கவையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடமும் அவசரப் பிரிவு மருத்துவரிடமும் "நரம்பில் வாயு ஏற்றினார்கள்" அல்லது "பெராக்சைடு குடித்தார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரத்தக்குழாயில் வாயுக்குமிழ் அடைத்தவர்களுக்கு உடனே ஆக்சிஜன் கொடுப்பதும், வசதியுள்ள மருத்துவமனையில் உயர் அழுத்த அறையில் வைப்பதும் முறையான சிகிச்சை. அது நேரத்தோடு கிடைப்பது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்திருக்கிறது.